லாக்ஸ்டன்: வேலி போடாமல் விட்டுப்போன ஓர் ஆங்கிலேயக் கிராமம்

2018-இல் பிரிட்டனின் அரச நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் கிரவுன் எஸ்டேட் என்ற அமைப்பு தன் கையிலிருந்த லாக்ஸ்டன் எஸ்டேட்டை விற்கப்போவதாகச் சொன்னது. 2020-இல் தோர்ஸ்பி செட்டில்மென்ட் என்ற குடும்ப அறக்கட்டளை அதை வாங்கியது. கேட்டவுடன் பல கேள்விகள் வரும். ஆள் வாழும் ஊரை எப்படி விற்பது? விற்றது ராணியா, அரசாங்கமா? சில நூறு பேர்கூடத் தேறாத ஒரு களிமண் ஊர் கைமாறினால் வரலாற்று ஆய்வாளர்கள் ஏன் பதறுகிறார்கள்?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம், மற்றவை அதன் பின்னால் தானே வரும். இடைக்காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுக்க இருந்த வேலியில்லா வயல் முறை, அதை நடத்தும் ஊர் நீதிமன்றத்தோடு சேர்ந்து, இன்றுவரை நடப்பது லாக்ஸ்டனில் மட்டும்தான். டெவனில் பிரான்டன், லிங்கன்ஷயரில் ஆக்ஸ்ஹோம் என்று வேறு சில இடங்களிலும் துண்டு வயல்கள் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் வயலும் சட்டமும் ஒன்றாகப் பிழைத்தது இங்கே மட்டுமே.

ஊர் எங்கே இருக்கிறது

நாட்டிங்ஹாம்ஷயர் மாவட்டம். மேற்கே ஷெர்வுட் காடு, ராபின் ஹூட் கதைகளில் வரும் அதே காடு. கிழக்கே ட்ரென்ட் ஆறு. இரண்டுக்கும் நடுவே, மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் நிலத்தில் லாக்ஸ்டன் உட்கார்ந்திருக்கிறது. ஷெர்வுட் பக்கம் மணல், அதில் தண்ணீர் நிற்காது, விளைச்சலும் அவ்வளவாக இல்லை. லாக்ஸ்டன் பக்கம் வந்தால் சிவந்த களிமண், புவியியலாளர்கள் மெர்சியா மட்ஸ்டோன் என்று சொல்கிற பாறையின் மேல் உருவானது. சத்துள்ள மண்தான், கோதுமைக்கு நல்லது. ஆனால் மழையில் கால் வைத்தால் விடாது, காய்ந்தால் கட்டி கட்டியாக இறுகிவிடும். இந்த மண்ணை மறந்துவிடாதீர்கள், கதையில் பாதி இதிலிருந்து வருகிறது.

பெயர்களிலும் வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. லாக்ஸ்டனின் ‘டன்’ பழைய ஆங்கிலத்தில் பண்ணை அல்லது குடியிருப்பைக் குறித்த சொல். பக்கத்து ஊர் ஈக்ரிங், அது டென்மார்க் பக்கமிருந்து வந்து குடியேறிய வைக்கிங்குகளின் மொழி, கருவாலி மரங்களின் வளையம் என்று பொருள். அடுத்தடுத்த ஊர்களுக்கு இரண்டு மொழியில் பெயர் இருக்கிறது என்றால், ஆங்கிலோ-சாக்சன் குடியும் டேனிஷ் குடியும் இந்தப் பகுதியில் கலந்து வாழ்ந்தார்கள் என்றுதான் அர்த்தம். (அந்த ஈக்ரிங்கில் 1939-இல் எண்ணெய் கண்டுபிடித்தார்கள், இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கத் தொழிலாளர்கள் வந்து கிணறு தோண்டினார்கள். இன்னொரு பக்கத்து ஊரான ஆலர்டனில் நிலக்கரிச் சுரங்கம் வந்தது. லாக்ஸ்டனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஒருவகையில் அதிர்ஷ்டம்தான்.)

ஊரின் அமைப்பையும் பார்க்கவேண்டும். நம் மனதில் உள்ள ‘ஆங்கிலேயக் கிராமப்புறம்’ என்ன? பசும்புல், புதர்வேலி கட்டிய சின்னச் சின்ன வயல்கள், ஒவ்வொரு வயல்வெளிக்கும் நடுவில் தனியாக ஒரு பண்ணைவீடு. லாக்ஸ்டன் அப்படி இல்லை. பண்ணைவீடுகள் எல்லாம் ஊர்த்தெருவிலேயே வரிசையாக நிற்கின்றன, பலவற்றின் பக்கச்சுவர்தான் தெருவைப் பார்த்திருக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் நீளமான குறுகிய மனை. வயலுக்குப் போகவேண்டும் என்றால் ஊரைவிட்டு வெளியே போகவேண்டும். அங்கே வேலி இல்லாமல் பரந்து கிடக்கிறது நிலம். இதுதான் பழையது. புதர்வேலிக் காட்சிதான் பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வந்த புதுசு.

களிமண், கலப்பை, ஏக்கர்

களிமண்ணை உழ லேசான கலப்பை போதாது. மண்ணைக் கீறினால் மட்டும் பயனில்லை, புரட்டிப்போடவும் வேண்டும். அதற்கு வந்ததுதான் புரட்டுப்பலகை வைத்த கனமான கலப்பை, அதை இழுக்கப் பல ஜோடி எருதுகள். இப்படி ஒரு நீண்ட மாட்டு வரிசையை அடிக்கடி திருப்புவது பெரும் பாடு. ஆகவே எவ்வளவு தூரம் நேராக ஓட்டமுடியுமோ அவ்வளவு தூரம் ஓட்டிவிட்டு ஒரே ஒரு தடவை திருப்புவார்கள். வயல் சதுரமாக இல்லாமல் நீளமான கீற்றாக ஆனதற்கு இதுதான் முக்கியக் காரணம். பல இடங்களில் பழைய கீற்றுகள் ஓரத்தில் லேசாக வளைந்திருக்கும், மாடுகளைத் திருப்புவதற்காக முன்கூட்டியே ஒதுங்கிய தடம் அது.

கலப்பை மண்ணை ஒரே பக்கமாகத்தான் தள்ளும். ஆண்டுக்கணக்கில் கீற்றின் நடுவை நோக்கித் தள்ளித் தள்ளி நடுவில் மேடு, இரண்டு பக்கமும் பள்ளம் என்று உருவாகிவிடும். அந்தப் பள்ளமே வடிகால், அதுவே எல்லை. தனியாக வரப்பு கிடையாது.

இங்கே நமக்குத் தெரிந்த சில அளவுகள் எட்டிப்பார்க்கின்றன:

1. ஃபர்லாங் என்ற சொல்லே ‘உழவுசாலின் நீளம்’ என்பதிலிருந்து வந்தது, பிறகு அது 220 கெஜம் என்று நிலைத்தது. திறந்த வயலில் ஒரே திசையில் ஓடும் கீற்றுகளின் தொகுதிக்கும் அதே பெயர்தான்.

2. ஏக்கர் என்பது 220 கெஜ நீளம், 22 கெஜ அகலம், ஆக 4,840 சதுர கெஜம். ஒரு கலப்பை ஒரு நாளில் உழும் நிலம் என்பதே இதன் பழைய பொருள். ஏன் 5,000 என்று முழு எண்ணாக வைக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு: மாட்டுக்கு முழு எண் தெரியாது.

3. அந்த 22 கெஜம்தான் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. எட்மண்ட் குன்டர் 1620-இல் அதை 100 கண்ணிகளாக (லிங்க்ஸ்) பிரித்து நிலம் அளக்கும் கருவியாக்கினார். கிரிக்கெட் பிட்சின் நீளமும் அதே 22 கெஜம். பிரிட்டிஷ் நில அளவையோடு இந்தச் சங்கிலி சென்னை மாகாணத்துக்கும் வந்தது, அதனால்தான் நம் ஊர்ப் பத்திரங்களில் இன்னும் ஏக்கர், சென்ட் என்று எழுதுகிறோம், பழைய புல அளவை வரைபடங்களில் லிங்க்ஸ் கணக்கு இருக்கிறது. 1 சென்ட் என்பது 1,000 சதுர லிங்க்ஸ்.

வயல் முறை எப்படி வேலை செய்தது

லாக்ஸ்டனில் இன்று மூன்று பெரிய வயல்கள்: மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல். முன்பு கிழக்கு வயல் என்று நான்காவது ஒன்றும் இருந்தது.

1. ஒவ்வொரு பெரிய வயலும் பல கீற்றுகளாகப் பிரிந்திருக்கும். ஒரு விவசாயிக்கு எல்லாக் கீற்றும் ஒரே இடத்தில் இருக்காது, மூன்று வயல்களிலும் சிதறிக் கிடக்கும். நல்ல மண்ணும் மோசமான மண்ணும், மேடும் பள்ளமும் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும். இது நியாயத்துக்காகவா, பயிர் போனால் மொத்தமும் போகாமல் இருப்பதற்கான காப்பீடா, காட்டைத் திருத்தத் திருத்தப் பங்கிட்டதால் தானாக வந்ததா என்று வரலாற்றாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். மூன்றும் கலந்ததுதான் என்று நினைப்பதில் தவறில்லை.

2. பயிர்ச்சுழற்சி மூன்று ஆண்டு. முதல் ஆண்டு இலையுதிர்காலத்தில் விதைக்கும் கோதுமை, அடுத்த ஆண்டு வசந்தத்தில் விதைக்கும் பார்லி போன்றவை, மூன்றாம் ஆண்டு தரிசு. ஒரு வயல் கோதுமையில் இருக்கும்போது இன்னொன்று பார்லியில், மற்றொன்று ஓய்வில். இப்போது தரிசுக்குப் பதிலாகத் தீவனப் பயிர் போடுகிறார்கள்.

3. இதில் தனி ஆளுக்குச் சுதந்திரம் கிடையாது. என் கீற்று, நான் எப்போது வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடுவேன் என்று சொன்னால் கதை முடிந்தது, ஏனென்றால் அறுவடை முடிந்ததும் ஊர்க் கால்நடை முழுக்க அந்த வயலில் இறங்கி மேயும். உங்கள் பயிர் மட்டும் நின்றால் ஆடு விடுமா? (இந்தப் பொது மேய்ச்சல் இப்போது மறைந்துவிட்டது.)

4. ஒருவர் எத்தனை ஆடுமாடு விடலாம் என்பதற்கும் வரம்பு உண்டு, அதை ‘கெய்ட்’ உரிமை என்பார்கள். 1968-இல் கேரட் ஹார்டின் என்ற அமெரிக்கச் சூழலியலாளர், பொதுநிலம் என்றால் எல்லாரும் ஆடு விட்டு அழித்துவிடுவார்கள் என்று ஒரு புகழ்பெற்ற வாதம் வைத்தார். அவர் சொன்ன மேய்ச்சல் நிலத்தில் விதியே கிடையாது. லாக்ஸ்டனில் விதி மட்டும்தான் எப்போதும் தீராமல் இருந்தது.

5. உழ முடியாத ஈரப்பள்ளங்களை, சரிவுகளை ‘சைக்’ என்று புல்லுக்கு விட்டுவிட்டார்கள். அந்தப் புல்லை வெட்டும் உரிமை ஆண்டுதோறும் ஏலம் போகும். ஏர் படாமல், ரசாயன உரம் அதிகம் காணாமல் கிடப்பதால் அங்கே அரிய புல்வெளித் தாவரங்கள் தங்கிவிட்டன, இன்று அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட அறிவியல் முக்கியத்துவமுள்ள இடங்கள்.

பிரபுக்களும் ஒரு வரைபடமும்

1086-இல் இங்கிலாந்தின் நிலங்களை யார் வைத்திருக்கிறார் என்று எழுதிய டூம்ஸ்டே கணக்கெடுப்பில் லாக்ஸ்டன் இருக்கிறது. 1066-இல் பிரான்ஸ் பக்கமிருந்து வந்த நார்மன் படையெடுப்புக்கு முன் டோகி என்பவர் வைத்திருந்த நிலம், பின் ஜெஃப்ரி அல்செலின் கைக்குப் போனது. ஊருக்கு வடக்கே மண்மேட்டுக் கோட்டை ஒன்று எழுந்தது. கோட்டையில் இருந்த டி கோ குடும்பமும் பிறகு எவரிங்ஹாம் குடும்பமும் ஷெர்வுட் காட்டின் காப்பாளர் பதவியை வாரிசுரிமையாக வைத்திருந்தார்கள், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது பறிபோனது. இன்று கல்கட்டடம் எதுவும் இல்லை, புல் மூடிய மேடு மட்டும். புனித மைக்கேல் தேவாலயத்தில் எவரிங்ஹாம்களின் கற்சிலைகளும், கருவாலி மரத்தில் செதுக்கிய ஒரு பெண்ணின் கிடைச்சிலையும் இருக்கின்றன. மரத்தில் செய்தது ஆறு நூற்றாண்டுக்கு மேல் தாங்கியதே பெரிது.

ஆனால் லாக்ஸ்டனின் உண்மையான பொக்கிஷம் ஊரில் இல்லை, ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. லண்டன் வணிகரான சர் வில்லியம் கோர்ட்டன் இந்த எஸ்டேட்டை வாங்கிய பிறகு, தனக்கு என்ன சொந்தம் என்று தெரிந்துகொள்ள மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளரை அமர்த்தினார். 1635-இல் பியர்ஸ் ஒவ்வொரு கீற்றையும், அதை யார் வைத்திருக்கிறார் என்பதையும் பதிவு செய்தார், 2,000-க்கும் மேற்பட்ட கீற்றுகள். வரைபடத்தின் காலியிடங்களில் உழுகிறவர்கள், அறுக்கிறவர்கள், வேட்டையாடுகிறவர்கள் என்று குட்டிக் குட்டி ஓவியங்கள். ஒரு பணக்காரரின் சொத்துக்கணக்கு, பின்னால் வந்தவர்களுக்கு 17ஆம் நூற்றாண்டுக் கிராமத்தைப் பற்றிய மிகச் சிறந்த ஆவணங்களில் ஒன்றாகிவிட்டது. அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு இன்று போனாலும் தெருவையும் வயல்களையும் அடையாளம் கண்டுவிடலாம்.

மற்ற ஊர்கள் என்ன ஆயின

வேலியடைப்பு என்பது இதுதான்: சிதறிக் கிடந்த கீற்றுகளை ஒன்றாகச் சேர்த்து, பொது மேய்ச்சல் உரிமையை ரத்து செய்து, ஒவ்வொருவர் பங்கையும் தனித்தனியாக வேலி போட்டுக் கொடுப்பது. சில இடங்களில் ஊர்க்காரர்கள் பேசி முடித்தார்கள், சில இடங்களில் பிரபுவே அடித்துப் பிடித்து முடித்தார். 1607-இல் இங்கிலாந்தின் நடுப்பகுதி மாவட்டங்களில் மக்கள் திரண்டு வேலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள், கலகம் ஒடுக்கப்பட்டது. போகப்போக நாடாளுமன்றமே வேலையை எடுத்துக்கொண்டது. 1604-லிருந்து 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள், மொத்தம் சுமார் 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம்.

விளைச்சல் கூடியதா? பல இடங்களில் கூடியது, புதுப் பயிர்களைச் சோதிக்கவும் வடிகால் வெட்டவும் தனி நிலம் வசதி. ஆனால் எழுத்தில் உரிமை இல்லாமல் ஒரு மாட்டைப் பொதுநிலத்தில் மேய்த்து வாழ்ந்தவருக்குப் பங்கு எதுவும் கிடைக்கவில்லை, அவர் கூலியானார் அல்லது ஊரைவிட்டுப் போனார். சின்னதாக நிலம் கிடைத்தவர்களுக்கும் வேலி போடும் செலவு, அளவையாளர் கூலி, வக்கீல் கூலி எல்லாம் தலையில் விழுந்தன. பலர் விற்றுவிட்டார்கள். பண்ணைவீடுகள் தெருவைவிட்டு வயலுக்கு நடுவே போனது இதற்கு அப்புறம்தான்.

லாக்ஸ்டன் மட்டும் ஏன் தப்பியது

இங்கே ஒரு வீரக்கதையை எதிர்பார்க்கவேண்டாம். ஊர் திரண்டு மரபைக் காத்தது என்றெல்லாம் எதுவுமில்லை.

1. நிலம் ஒரே கையில் இல்லை. பெரும்பகுதி சில மைல் தள்ளி தோர்ஸ்பியில் இருந்த பியர்பான்ட் குடும்பத்திடம், அவர்கள்தான் பின்னால் மேன்வர்ஸ் பிரபுக்கள் ஆனார்கள். ஆனால் ரஃபர்டில் இருந்த இன்னொரு குடும்பத்துக்கும் கணிசமான நிலம் இருந்தது, இடையிடையே சின்ன உரிமையாளர்களும். வேலியடைக்க வேண்டுமென்றால் பெரியவர்கள் இருவரும் ஒத்துப்போகவேண்டும். ஒத்துப்போகவில்லை.

2. காலமும் தவறியது. 1815-இல் நெப்போலியப் போர்கள் முடிந்ததும் தானிய விலை விழுந்தது. வேலியடைப்புக்குப் போடும் முதல் திரும்பி வருமா என்ற சந்தேகம் வந்துவிட்டது.

3. அதற்காக அப்படியே உறைந்தும் போகவில்லை. வயல்களின் ஓரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேலிக்குள் போயின, கிழக்கு வயல் காணாமல் போனது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சின்னக் கீற்றுகளைச் சேர்த்துப் பெரிதாக்கினார்கள். இன்று திறந்த வயலாக மிஞ்சியிருப்பது 1635-இல் இருந்ததில் ஒரு பகுதிதான். இதையெல்லாம் விட்டுக்கொடுத்ததால்தான் மீதி பிழைத்தது என்றும் சொல்லலாம், பியர்ஸ் காலத்துக் கீற்றில் டிராக்டரைத் திருப்ப முடியாதே.

நீதிமன்றம்: பழசு, ஆனால் பொம்மை இல்லை

மேனர் என்பது ஒரு பிரபுவின் ஆளுகைக்குட்பட்ட நிலமும் அதனோடு சேர்ந்த உரிமைகளும். அதை நடத்தும் ஊர் நீதிமன்றம் ‘கோர்ட் லீட்’. ஒருகாலத்தில் இங்கிலாந்து முழுக்க இருந்தது. 1977-இல் நீதி நிர்வாகச் சட்டம் வந்து, மிஞ்சியிருந்த இத்தகைய நீதிமன்றங்களின் அதிகாரத்தை எடுத்துவிட்டது, பல ஊர்களில் இப்போது அது அங்கி போட்ட விழா மட்டும். லாக்ஸ்டனுக்கு விதிவிலக்கு தந்தார்கள்.

நடைமுறை இப்படி. நவம்பர் இறுதியில் ஒரு நாள், விவசாயிகளிலிருந்தே தேர்ந்த ஜூரி, கோதுமை விதைத்த வயலைச் சுற்றிப் பார்க்கும். யாராவது பொதுவான புல்பாதையையோ சைக்கையோ உழுது உள்ளே வந்திருக்கிறாரா, பக்கத்துக் கீற்றில் ஒரு சால் கூடப் போட்டிருக்கிறாரா, வடிகாலைத் தூர்வாராமல் விட்டாரா என்று பார்த்து, சரியான எல்லையில் முளைக்குச்சி அடிப்பார்கள். அடுத்த வாரம் டவ்காட் என்ற ஊர் மதுக்கடையில் நீதிமன்றம் கூடும். பிரபுவின் சார்பில் ஸ்டூவர்ட் என்ற அதிகாரி தலைமை தாங்குவார், ஜூரி கண்டதைச் சொல்லும், அபராதம் விதிக்கப்படும், அடுத்த ஜூரி பதவியேற்கும். அபராதத் தொகை சின்னதுதான். ஆனால் நாற்பது வருடமாகப் பக்கத்தில் உழுகிறவர்கள் முன்னால் உங்கள் பெயரைப் படிப்பார்கள், அந்தக் கூச்சம்தான் உண்மையான தண்டனை.

சரி, எதை விற்றார்கள்?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம்.

1. விற்றது ஊரை அல்ல, எஸ்டேட்டை. அதாவது நிலத்தின் முழு உரிமை, அந்த நிலத்தில் உள்ள பண்ணைவீடுகள், மேனர் பிரபு என்ற தகுதி. விவசாயிகள் குத்தகைதாரர்கள், உரிமையாளர் மாறினாலும் குத்தகை ஒப்பந்தம் அப்படியே தொடரும். தேவாலயமோ, தனியார் சொந்தமாக வைத்திருக்கும் வீடுகளோ இதில் சேராது.

2. கிரவுன் எஸ்டேட் ராணியின் தனிச்சொத்தாக இருக்கவில்லை, இப்போது மன்னரின் தனிச்சொத்தும் இல்லை. 1760-இல் மூன்றாம் ஜார்ஜ், அரச நிலங்களின் வருமானத்தை அரசாங்கத்துக்கு விட்டுக்கொடுத்து ஆண்டுத்தொகை பெற ஒப்புக்கொண்டார். அந்த ஏற்பாட்டின் வாரிசுதான் இந்த அமைப்பு, 1961-இன் சட்டத்தின்படி நடக்கிறது, உபரி வருமானம் கருவூலத்துக்குப் போகிறது. முடிசூடியவர் தன் விருப்பத்துக்கு விற்க முடியாது. ஆனால் சொத்தைக் காப்பதும் வருமானம் பார்ப்பதும் இந்த அமைப்பின் சட்டக் கடமை, களிமண் கீற்றுகளில் வருமானத்தைத் தேடுவது கஷ்டம்.

3. அரசு கைக்கு இது வந்ததே பாதுகாப்புக்காகத்தான். ஆறாவது மேன்வர்ஸ் பிரபு, வயல் முறை தொடரவேண்டும் என்று 1952-இல் விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். 1955-இல் அவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார், பட்டமும் அவரோடு முடிந்தது. அமைச்சகம் 1981-இல் கிரவுன் எஸ்டேட்டிடம் ஒப்படைத்தது.

4. 2020-இல் வாங்கிய தோர்ஸ்பி செட்டில்மென்ட் யாருடையது? அதே மேன்வர்ஸ் குடும்பத்தின் வழிவந்தவர்களுடையது. 68 ஆண்டு அரசு கையில் இருந்துவிட்டு நிலம் சில மைல் தள்ளியிருக்கும் பழைய வீட்டுக்கே திரும்பியிருக்கிறது. வயல் முறையைத் தொடர்வோம் என்ற உறுதியோடுதான் வாங்கினார்கள்.

உரிமையாளரைவிட விவசாயிகளின் எண்ணிக்கைதான் பெரிய கவலை என்று தோன்றுகிறது. ஜூரிக்கு ஆள் வேண்டும், கீற்றுகளைப் பகிர்ந்துகொள்ளப் பல பண்ணைகள் வேண்டும். இரண்டு மூன்று பேர் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டால் யார் யாருடைய எல்லையில் குச்சி அடிப்பது? பண்ணைகள் ஒன்றோடொன்று சேர்ந்து குறைந்துகொண்டே வருவது பிரிட்டன் முழுக்க நடப்பது, லாக்ஸ்டனிலும் முன்பிருந்த அளவு பண்ணைகள் இப்போது இல்லை. காலியாகும் குத்தகையை வெளியிலிருந்து வரும் இளம் விவசாயிக்குக் கொடுப்பதா, ஏற்கெனவே இருப்பவரின் நிலத்தோடு சேர்ப்பதா என்பதைப் புதிய உரிமையாளர் ஒவ்வொரு முறையும் முடிவு செய்தாகவேண்டும்.